பந்து விழும் வரை

கொக்கிக் கத்தியின் முனை பழைய ரப்பருக்குள் இறங்கியது. கைகள் அவசரப்படவில்லை. இடது கை மட்டையின் தண்டை இடுக்கியோடு சேர்த்து அழுத்திக்கொள்ள, வலது கை கத்தியை உடம்புக்கு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது. பிடி இரண்டாகப் பிளந்து பட்டை உரிவதுபோல உரிந்தது. அடியில் ஒட்டிக்கிடந்த டேப்பைக் கட்டைவிரல் நகம் சுரண்டியது. துணியால் ஒரு துடைப்பு. புதிய இருபக்க டேப்பை நெடுக ஒட்டி, மேல்முனையில் கொஞ்சம் மிச்சம் விட்டு, அந்த மிச்சத்தை முறுக்கித் தண்டின் ஓட்டைக்குள் திணித்தன கைகள். பிறகு புதுப் பிடியின் நுனித் துளையை விரலால் அடைத்து, உள்ளே கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வழியவிட்டு, ஒரே தள்ளு. இந்தத் தள்ளில் பாதியில் தயங்கினால் பிடி தயங்கிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கைகள் தயங்கவில்லை. பிடியின் கோடும் மட்டைத் தலையின் விளிம்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, மட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தின.

ஜன்னல் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோல்ஃப் கிளப்பின் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் அந்தப் பட்டறைக்கு வெளிச்சம் வர ஒரே வழி, கூரையை ஒட்டிக் கிடைமட்டமாகப் போகும் ஒரு கண்ணாடிப் பட்டை. வெளியே அது தரைமட்டம். அதற்கு அப்பால் பயிற்சித் திடல். அங்கே வரிசையாக நின்று பந்தடிக்கும் உறுப்பினர்கள், உள்ளேயிருந்து பார்ப்பவருக்கு முழங்காலுக்குக் கீழே மட்டுமே உண்டு. சப்பாத்து, காலுறை, கொஞ்சம் கால்சட்டை, அவ்வளவுதான்.

கைகளுக்குச் சொந்தக்காரனைப் பிசின் என்று கூப்பிடுவார்கள். தண்டையும் தலையையும் ஒட்டும் பிசின் அவன் விரல் இடுக்குகளில் எப்போதும் மஞ்சளாகக் காய்ந்திருக்கும். பெயர் வைத்தவர் பட்டறையின் மேஸ்திரி. அவர் பிசினின் மனைவிக்கு அண்ணன். கல்யாணமான புதிதில், பிசினுக்கு இருந்த கண்ணாடிக்கடை வேலை போனபோது, "நம்ம இடத்துக்கு வா மாப்ள, சும்மா ஒரு மழைக்காலம் ஓட்டு. நல்ல வேலை கிடைச்சதும் போயிடலாம்" என்று அழைத்து வந்தார். அந்த மழைக்காலம் இன்னும் முடியவில்லை. வேலை மட்டுமல்ல, வீடும் மேஸ்திரியுடையதுதான். கீழே அவர், தனிக்கட்டை. மாடியில் பிசினும் மனைவியும். வாடகை என்ற பேச்சை எடுத்தாலே மேஸ்திரி காதைப் பொத்திக்கொள்வார். கோபித்துச் சண்டை போட்டாலாவது பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். இவ்வளவு நல்லவரிடமிருந்து எப்படிக் கிளம்புவது என்று பிசினுக்குப் பிடிபடவேயில்லை.

வேலையை அவன் வெறுக்கவில்லை. அறையைத்தான் வெறுத்தான். தலைக்கு மேல் குறுக்காக ஒரு தண்ணீர்க் குழாய் போகும். நிமிர்ந்து நடந்தால் நெற்றியில் இடிக்கும். கரைப்பான் வாசனை மத்தியானத்துக்குள் தலைவலியாக மாறிவிடும். அறையின் நடுவே ஒரு தூண். தூணுக்கும் வேலைமேசைக்கும் நடுவில் ஓர் ஆள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்கலாம். அகட்டி நிற்க முடியாது.

சாப்பாட்டு இடைவேளைகளில் அந்த இடத்தில் நின்றுதான் அவன் மட்டை வீசப் பழகினான். சொல்லித்தர ஆள் கிடையாது. ஜன்னலில் தெரிந்த கால்கள்தான் பாடம். பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒன்று புலப்பட்டது. பந்து எங்கே போகும் என்பதைக் கால்களை வைத்தே சொல்லிவிடலாம். வீச்சு முடியும்போது முன்கால் குதிகாலில் நிற்கிறதா, விரல்களில் நிற்கிறதா. பின்கால் நுனியில் சுழன்று எழுந்துவிட்டதா, தரையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறதா. முன்பக்கம் சாய்ந்து ஓர் அடி எடுத்து வைத்தவருடைய பந்து ஒருநாளும் நேராகப் போனதில்லை. பலம்கொண்ட மட்டும் அடித்தவர்கள்தாம் அதிகம் தடுமாறினார்கள். முக்கால் வேகத்தில் வீசிவிட்டு, படம் பிடிக்க நிற்பவரைப்போல அப்படியே நின்றவர்களை, மேலே இருந்து "நல்ல ஷாட்!" என்ற குரல்கள் பாராட்டின.

அவனும் கால்களைச் சேர்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயில் இடிக்காமல், பழைய திரைச்சீலை ஒன்றைக் கட்டி அதில் பந்தடித்தான். கால்கள் சேர்ந்திருக்கும்போது கொஞ்சம் அவசரப்பட்டாலும் உடம்பு கவிழும். கவிழாமல் அடிக்க ஒரே வழி, வேகத்தைக் குறைத்து, தோள் திரும்பும் வரை பொறுத்து, பிறகு இடுப்பைத் திருப்புவது. முதலில் தூணில் இடித்துக்கொண்டான், பிறகு மேசையில், பிறகு எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. ஆனால் அடித்த பந்து திரையில் தொப்பென்று மோதிக் காலடியில் விழும். ஜன்னல் வழியே உறுப்பினர்களின் பந்து கிளம்புவது தெரியும், விழுவது தெரியாது. இத்தனை மட்டைகளைச் சரிசெய்தும் ஒரு பந்து போய் விழுவதை அவன் பார்த்ததேயில்லை. மேலே போய் நின்று அதைப் பார்க்க வேண்டும், அதையே வேலையாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை எப்போது முளைத்தது என்று அவனுக்கே தெரியாது.

இதற்கிடையே மேஸ்திரியின் கை ஆடத் தொடங்கியது.

முதலில் தேநீர்க் கோப்பையில் தெரிந்தது. பிறகு டேப்பில். கை ஓய்வாக மடியில் கிடந்தால் ஒன்றுமில்லை. எதையாவது தூக்கி நிறுத்திப் பிடித்தால் நடுக்கம். மருத்துவர் உயிருக்கு ஆபத்தில்லை என்றார். வேலைக்கு ஆபத்து என்பதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்றிலிருந்து எல்லா மட்டைகளும் பிசினின் மேசைக்கு வந்தன. மேஸ்திரி அளவு பார்ப்பார், குறை சொல்வார், ரேடியோவின் ஒலியைக் கூட்டுவார். வேலை முடிந்ததும் மட்டைகளை இரண்டு முன்கைகளிலும் குழந்தையைப்போலக் கிடத்திக்கொண்டு மேலே எடுத்துப்போவார். அப்படிக் கிடத்தினால் நடுக்கம் வெளியே தெரியாது. உறுப்பினர்கள் அதைத் தொழில்பக்தி என்று நினைத்தார்கள். "என்ன ஒரு மரியாதை பாருங்க!" என்று ஒருவர் நெகிழ்ந்துபோனதை மேஸ்திரி கீழே வந்து நடித்துக் காட்டினார். பிசினும் சிரித்தான். சிரித்து முடித்தபிறகுதான் ஒன்று உறைத்தது: இனி நான் இங்கிருந்து போக முடியாது.

அந்த நேரத்தில்தான் பயிற்சித் திடலுக்கு உதவிப் பயிற்சியாளர் தேவை என்ற அறிவிப்பு வந்தது. கிளப் ஊழியர்கள் யாரும் கேட்கலாம் என்றார்கள். பிசின் சட்டையை மாற்றிக்கொண்டு தலைமைப் பயிற்சியாளரைப் பார்க்கப் போனான். அவரை எல்லோரும் கோச்சம்மா என்பார்கள். அதிகம் பேசாத, வெயிலில் கறுத்த, நரைமுடியை ஒட்ட வெட்டிய பெண்மணி.

"நீங்க பட்டறை ஆளுதானே? அடிக்கத் தெரியுமா?"

"கொஞ்சம் பழகியிருக்கேன் மேடம். வேணும்னா இப்பவே அடிச்சுக் காட்டறேன்."

"வேண்டாம். நல்லா அடிக்கறவங்க இங்க நிறைய இருக்காங்க. அவங்களால ஒருத்தருக்கும் சொல்லித்தர முடியலை. இதுவரைக்கும் மட்டையை வீசியே பழக்கமில்லாத ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. நீங்க சொல்லிக்கொடுத்து, அவர் என் முன்னாடி மூணு பந்து அடிக்கணும். பந்து எங்க போனாலும் பரவாயில்லை. அடிச்சு முடிச்ச நிலையில, கையை உயர்த்தினபடி, பந்து விழற வரைக்கும் நகராம நிக்கணும். நின்னா வேலை உங்களுக்கு."

பிசின் படியிறங்கியபோது குழாயை மறந்துவிட்டு நெற்றியில் இடித்துக்கொண்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னான். மூன்று பேரும் கீழ்வீட்டுச் சமையலறையில்தான் சாப்பிடுவார்கள். மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். பேச்சிலும் அந்த வெந்நீர் கொஞ்சம் இருக்கும்.

"நானே வர்றேங்க. எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றாள்.

"உனக்கு என்னிக்கு லீவு? நீ வர்ற நேரத்துல பட்டறையைப் பூட்டியிருப்பாங்க."

"அப்ப ரோட்ல போறவனைப் பிடிங்க. பெரிசா மலைக்கறீங்க."

"ரோட்ல போறவன் தினமும் மத்தியானம் வருவானா?"

மேஸ்திரி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "நான் இருக்கேன்ல."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? மட்டையைச் செஞ்சிருக்கேன், வீசினதில்லை. இப்ப வீசறேன்."

"அண்ணா, விளையாடாதே" என்றாள் தங்கை.

"விளையாடத்தானே கூப்பிடறாங்க?"

பிசின் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், நீங்க நின்னுட்டா நான் மேல போயிடுவேன். கீழ..."

"தெரியுதுடா. நான் நின்னா நீ அங்க, நான் விழுந்தா நீ இங்க. இந்த வயசுல எனக்கு இவ்வளவு அதிகாரம் கிடைக்கும்னு நினைக்கவே இல்லை." சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குவளையை எடுக்கப் போனவர், எடுக்காமல் குனிந்து வாயை அதனிடம் கொண்டுபோனார்.

"கீழ என்ன பண்ணுவீங்க?"

"புதுசா ஒருத்தன் வராமயா போயிடுவான். அவனை மேய்ப்பேன். உன்னை மேய்ச்சவனுக்கு அது கஷ்டமா?"

தங்கை கரண்டியை நீட்டி, "அண்ணா, அங்க வந்து வேணும்னே விழுந்தே, அப்புறம் இந்த வீட்ல உனக்கு அடுப்பு எரியாது" என்றாள்.

"பாத்தியா மாப்ள? இவளுக்குப் பயந்தே நின்னுடுவேன்."

மறுநாள் முதல் பாடம். மேஸ்திரி குள்ளம், குழாய் அவருக்கு எட்டவில்லை. "பொறந்ததுலேர்ந்து இப்பதான் இதுல ஒரு லாபம் கண்டேன்" என்றார். பிசின் அவரைத் தூணுக்கும் மேசைக்கும் நடுவே நிறுத்தி, காலணியைக் கழற்றச் சொல்லி, பாதங்களை ஒட்டி வைத்தான். பந்து இல்லை. மட்டையும் இல்லை. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, தோளைத் திருப்பி, திரும்பவும் முன்னே வரவேண்டும்.

"இதுக்குப் பேரு கோல்ஃபா? எலும்பு டாக்டர் சொல்ற மாதிரி இருக்கே."

"பேசினா சாய்வீங்க மச்சான்."

சாய்ந்தார். தூண் தாங்கிக்கொண்டது.

பிசின் தரையில் மண்டியிட்டு அவர் பாதங்களை மட்டுமே பார்த்தான். மேஸ்திரிக்கு முன்பாதத்தில் விழும் பழக்கம். வீசும்போது எடையெல்லாம் விரல்நுனிக்கு ஓடும்; குதிகால் தரையைவிட்டு எழும்; அடுத்தது ஓர் அடி முன்னே. "குதிகால், குதிகால்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பழைய டேப்பைச் சுருட்டி அவர் விரல்களுக்கு அடியில் வைத்தான். அது நசுங்கினால் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். மேஸ்திரிக்கு அது பிடித்துப்போனது. சூதாட்டம்போல ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு, "நசுங்கிச்சா? பாரு, பாரு" என்பார்.

மெல்ல மட்டை கைக்கு வந்தது. முதலில் அரை வீச்சு, பிறகு முக்கால். ஆச்சரியமாக, மட்டையை இறுக்கிப் பிடித்து வீசிக்கொண்டிருக்கும் வரை கை ஆடவில்லை. எடை பின்காலிலிருந்து முன்காலுக்குப் போனது. வயிறு இலக்கைப் பார்த்துத் திரும்பியது. பின்கால் நுனியில் எழுந்தது. பந்து திரையில் மோதியது. ஒருநாள் மேஸ்திரி முன்காலில் அப்படியே நின்றார். தூணைத் தொடவில்லை. மேசையைத் தொடவில்லை. தன்னையே நம்பாமல் கண்ணை உருட்டிக் கீழே பார்த்தார்.

"மாப்ள, நிக்கறேன்!"

"நிக்கறீங்க மச்சான்!"

"என் வாழ்க்கையிலயே எதையும் பிடிக்காம இவ்வளவு நேரம் நின்னதில்லடா."

ஒரே ஒரு குறை மிஞ்சியது. அடித்து முடித்ததும் மேஸ்திரி மட்டையை உடனே இறக்கிவிடுவார். கால்கள் அசையாது, கைகள் மட்டும் சட்டென்று இடுப்புக்கு வந்துவிடும்.

"கையை இறக்காதீங்க மச்சான். தோளுக்கு மேலயே இருக்கட்டும். பந்து விழற வரைக்கும்."

"பந்துதான் அப்பவே விழுந்திடுச்சே. கால்ல கிடக்கு பாரு."

"இங்க திரை. அங்க வெட்டவெளியாச்சே. நேரமாகும்."

"சரி சரி, அங்க போய் வச்சுக்கலாம். வெளியில எவன் துப்பாக்கியைக் காட்டினான், நான் கையைத் தூக்கிட்டு நிக்க?"

பிசின் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டான். எத்தனை நாள் சொல்லியும் திருந்தவில்லை என்று வீட்டில் எரிச்சல்பட்டான். ஜன்னலில் கால்களை மட்டும் பார்த்தே படித்தவன். கால்களை மட்டும் பார்த்தே கற்பித்தான். அந்தக் கைகளுக்காகத்தான் எல்லா வேலையையும் தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தவனுக்கு, அதே கைகளை எல்லோர் முன்பும் உயர்த்திப் பிடிக்கச் சொல்கிறோம் என்பது மட்டும் தோன்றவேயில்லை.

தேர்வுக்குக் காலை நேரத்தைக் கொடுத்திருந்தார்கள். பயிற்சித் திடலில் பிசின் கால் வைத்தபோது அதன் அகலம் அவனைக் கொஞ்சம் பயமுறுத்தியது. தூண் இல்லை, மேசை இல்லை. சாய்ந்தால் சாயவேண்டியதுதான். கோச்சம்மா குடைநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிளப்பின் மேலாளர். ஊழியர் தேர்வு என்பதால் அவரும் இருக்கவேண்டுமாம். அதிகாலைப் பயிற்சிக்கு வந்த உறுப்பினர்கள் சிலர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். "அட, நம்ம பட்டறை மேஸ்திரி! மட்டையைத் தாலாட்டுவாரே, அவர்தானே?" என்றது ஒரு குரல்.

மேஸ்திரி முதல் பந்துக்கு நின்றார். பிசின் ஒதுங்கி நின்று, பழக்க தோஷத்தில் குந்தினான். இன்று பந்து விழுவதைப் பார்த்துவிடலாம் என்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தான். மட்டை சுழன்றதும் கண் தானாகப் பாதங்களுக்குப் போய்விட்டது. குதிகால் அசையவில்லை. எங்கோ தூரத்தில் பந்து விழுந்திருக்க வேண்டும். கோச்சம்மா "ம்" என்றார்.

இரண்டாவது பந்து. பாதங்கள் சிமென்டில் பதித்தவைபோல இருந்தன. இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. இப்போதுதான் அவனுக்கு மேஸ்திரி விழலாம் என்ற பயம் வந்தது. வேண்டுமென்றே ஓர் அடி எடுத்து வைத்தாலும் யாருக்குத் தெரியும்? அவர் பெருவிரலை அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

மூன்றாவது பந்துதான் மூன்றிலும் நன்றாகப் பட்டது. சத்தமே அதைச் சொல்லியது. முதல் இரண்டைப்போலத் தாழப் பறந்து சட்டென்று விழாமல் பந்து உயர்ந்தே போயிற்று; உயர்ந்ததால் விழ நேரமெடுத்தது. பாதங்கள் அசையவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்களின் பேச்சு நின்றுபோனது. பிசின் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

மேஸ்திரியின் கைகள் தோளுக்கு மேலே இருந்தன. மட்டை அவர் தலைக்குப் பின்னால் காற்றில் சிக்கிய கம்பிபோல அதிர்ந்துகொண்டிருந்தது. முழங்கைகள், மணிக்கட்டுகள், சட்டைக்கை, எல்லாம். முகம் வியர்த்திருந்தது. பந்து போன திசையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையை இறக்காமல், அவர் நின்றார். பந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் இறக்கினார்.

"நின்னுட்டேனா?" என்றார்.

"நின்னுட்டீங்க" என்றார் கோச்சம்மா. பிசினைப் பார்த்துத் தலையசைத்தார். "கால் வேலை சுத்தம். வேலை உங்களுக்கு."

அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தாலாட்டு என்று சொன்ன உறுப்பினர் முன்னே வந்துவிட்டார். "இந்தக் கையா என் மட்டையை ஒட்டுது? வீசறப்ப தலை கழண்டு பறந்து யார் மண்டையிலயாவது பட்டா? மேனேஜர் சார், எவ்வளவு நாளா இது நடக்குது?"

மேலாளர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். பிசின் எழுந்தான். சொல்லாமலிருந்தால் மச்சான் குற்றவாளி. சொன்னால் என்ன ஆகும் என்பதை யோசிக்க அவகாசமில்லை.

"சார், அவர் ஒட்டலை. ரொம்ப நாளா எல்லா மட்டையும் நான்தான் செய்யறேன். ஒண்ணுலகூட அவர் கை படலை. தப்பு எதுலயாவது இருந்தா காட்டுங்க."

உறுப்பினருக்கு ஆறுதல் ஆயிற்று. மேலாளருக்கு ஆகவில்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு, இருவரையும் நிற்கவைத்தே பேசினார். "அப்ப பட்டறையை நடத்தறது நீங்க ஒருத்தர். உங்களை மேல அனுப்பிட்டா நாளைக்கு மட்டையை யார் பாப்பா? இவர் எதுக்கு இருக்கார்னும் எனக்குப் புரியலை. நீங்க திடலுக்குப் போறதுன்னா தாராளமாப் போங்க, தேர்வுல ஜெயிச்சிருக்கீங்க. நான் வெளியிலிருந்து ஒரு ஆளைப் போட்டுக்கறேன், இவர் வீட்டுக்குப் போகட்டும். இல்ல, நீங்க கீழ இருக்கறதா இருந்தா, மேஸ்திரியா இருங்க, இவரை என்ன செய்யறதுன்னு அப்புறம் பாக்கலாம். நாளை மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது பிசின் கேட்டான்: "ஏன் மச்சான் கையை இறக்கலை? எனக்கு வேலை கிடைச்சிருக்காது, அவ்வளவுதானே. இறக்கியிருந்தா கை ஆடறது யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"நீதானேடா சொன்னே, பந்து விழற வரைக்கும்னு."

தெருமுனை வரை நடந்தார்கள். முனையில் மேஸ்திரி, "நல்லாப் போச்சுல்ல மூணாவது?" என்றார்.

"நான் பாக்கலை மச்சான். உங்க காலைப் பாத்துட்டிருந்தேன்."

"போடா மடையா. அவ்வளவு கஷ்டப்பட்டு அடிச்சேன்."

சமையலறையில் மனைவி முழுவதையும் கேட்டாள். தட்டுகளை ஓசையோடு அடுக்கினாள். "ரெண்டு பேருமாச் சேந்து நல்லா நின்னீங்க" என்றாள்.

"நீ போறே மாப்ள" என்றார் மேஸ்திரி. "நான் முடிவு பண்ணிட்டேன். எனக்கு என்ன குறை? வீட்ல இருக்கேன். தங்கச்சி கொண்டுவர்ற துணியை மடிச்சு வைக்கறேன்."

"நீ மடிச்சா நான் மறுபடியும் மடிக்கணும்."

மூவரும் சிரிக்கத் தொடங்கினார்கள், ஒருவரும் முடிக்கவில்லை. மேஸ்திரி எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் அவர் அந்தக் கதவை ஒருபோதும் சாத்தியதில்லை. தங்கை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நீங்க போங்கன்னுதான் நான் சொல்லணும்" என்றாள் கணவனிடம். சொல்லவில்லை.

மறுநாள் காலை பிசின் தனியாகப் பட்டறைக்குப் போனான். மேசையில் கோச்சம்மாவின் மட்டை கிடந்தது. தலை தளர்ந்து போனவாரம் வந்தது, ஒட்டியாயிற்று, பிடி மட்டும் பாக்கி. அதை அவன் இடுக்கியில் பொருத்தினான். டேப் ஒட்டினான். ரேடியோ இல்லாமல் அறை இன்னும் சின்னதாகத் தெரிந்தது. திடலுக்குப் போனால் இதே நேரத்துக்கு வெயிலில் நிற்பான். இங்கே யாரோ ஒருவன் குழாயில் இடித்துக்கொள்வான். வீட்டில் ஒரு கதவு சாத்தியிருக்கும். கரைப்பானைப் பிடிக்குள் ஊற்றிக் குலுக்கி டேப்பின் மேல் வழியவிட்டபோது, கை ஒருகணம் நின்றது. பிறகு தள்ளினான். பிடி கடைசி வரை போய் உட்கார்ந்தது.

மேலாளரின் அறைக்குப் போய்த் தன் நிபந்தனையைச் சொன்னான். மேல்தளத்தில் பழுதான மட்டைகளை உறுப்பினர்களிடமிருந்து வாங்கும் ஜன்னலில் மேஸ்திரி உட்கார வேண்டும். கை ஆடட்டும், யார் மட்டையில் என்ன நோய் என்று அவருக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரியும். அவர் இருந்தால் தானும் கீழே இருப்பான். மேலாளர் உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு உடனே ஒத்துக்கொண்டதுதான் பிசினுக்கு வலித்தது. மேஸ்திரிக்குத் தகவல் சொல்ல ஆள் போயிற்று.

மத்தியானம் கோச்சம்மா பட்டறைக்கு வந்தார். அவர் அந்தப் படிகளில் இறங்கியது அதுதான் முதல் தடவை. குழாயைப் பார்த்துக் குனிந்து, தூணுக்கும் மேசைக்கும் நடுவிலிருந்த இடத்தில் வந்து நின்றார். அங்கே அவர் கால்களும் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

"இங்கதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தீங்களா?"

"ஆமா மேடம்."

"மேனேஜர் சொன்னார், நீங்க வரலைன்னு."

"வரலை மேடம்."

"அடுத்த வருஷம்..."

"தெரியலை மேடம். அவர் மேல இருக்கற வரைக்கும் நான் கீழ இருக்கணும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். யாரோ ஒருவரின் வெள்ளைச் சப்பாத்துகள் பந்துக்கு முன்னால் அகன்று நின்றன; வீச்சு முடிந்து ஓர் அடி தடுமாறின. "விரல்ல விழறார்" என்றான் பிசின், தன்னையறியாமல். கோச்சம்மா திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

பிசின் மட்டையை இடுக்கியிலிருந்து விடுவித்தான். வழிந்து காய்ந்திருந்த கரைப்பானைத் துணியால் துடைத்தான். கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை ஒத்துப் பார்த்தான். "சாயங்காலம் வரைக்கும் பிடியை முறுக்காதீங்க மேடம், இன்னும் இறுகணும்" என்று சொல்லி, தலைப்பக்கத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, பிடிப்பக்கம் அவரிடம் போகும்படி நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார்.